மெட்ராஸ் ஐ, தாய்ப்பால், மரமஞ்சள்: சில குறிப்புகள்

மெட்ராஸ் ஐ பரவுகிற ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் இரண்டு செய்திகள் தவறாமல் வரும். ஒன்று, 1918ஆம் ஆண்டு சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியில்தான் அடினோ வைரஸ் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது, அதனால்தான் இந்தப் பெயர் என்பது. இன்னொன்று வீட்டு வைத்தியப் பட்டியல். தாய்ப்பால் இரண்டு சொட்டு, மூடிய கண்மேல் நந்தியாவட்டைப் பூ, விளக்கெண்ணெய், தேன், பன்னீர், படிகாரத் தண்ணீர். 2022 நவம்பரில் தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது என் அலுவலகக் குழுவில் மட்டும் இந்தப் பட்டியல் ஐந்து முறை வந்தது. அனுப்பியவர்களில் பாதிப்பேர் எம்.டெக்.

முதல் செய்தியைச் சரிபார்க்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன். அது என்னை இரண்டாவதுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

முதலில் 1918. அப்போது எழும்பூர் ஆஸ்பத்திரிக்குத் தலைமை வகித்தவர் கிர்க்பாட்ரிக் என்கிற ராணுவ டாக்டர். சென்னையில் பரவிய ஒரு கண் நோயைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1920இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆப்தால்மாலஜியில் வந்தது. கண் சிவந்து, அதன் பிறகு கருவிழியில் சின்னச் சின்னப் புள்ளிகள் விழுகிற நோய். அவர் செய்தது அந்த நோயை விவரித்தது. வைரஸைக் கண்டுபிடித்தார் என்று சொல்ல வழியே இல்லை. வைரஸைப் பார்க்கிற எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பே 1930களில்தான் வந்தது. அடினோ வைரஸைப் பிரித்தெடுத்தது 1953இல், அமெரிக்காவில், வாலஸ் ரோவும் அவருடைய சகாக்களும். அதுவும் கண்ணிலிருந்து இல்லை, குழந்தைகளின் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையிலிருந்து. பெயரே அதனால்தான். இந்தக் கருவிழிப் புள்ளி நோய்க்குக் காரணமான வகையைக் கண்டது 1955இல்.

அந்தப் புள்ளிகளை விவரிப்பதிலும் சென்னை முதலாவது இல்லை. வியன்னாவில் எர்ன்ஸ்ட் ஃபூக்ஸ் 1889லேயே எழுதிவிட்டார், பம்பாயில் ஹெர்பர்ட் 1901இல் எழுதினார். ஆனால் பெயர் மட்டும் மெட்ராஸுக்கு நிலைத்துவிட்டது. பெயர் வைப்பதில் நியாயம் பார்க்கக் கூடாது போல. 1969இல் கானா நாட்டில் இதற்கு அண்ணன் மாதிரியான ஒரு கண் நோய் பரவியது. கண்ணுக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும், வேறு வைரஸ். நிலவில் மனிதன் இறங்கிய வருஷம் என்பதால் அங்கே அதற்கு 'அப்போலோ 11' என்று பெயர். அதே நோய் 1971இல் இந்தியாவுக்கு வந்தபோது, வங்கதேச அகதிகள் வந்துகொண்டிருந்த நேரம், கல்கத்தாவில் அதற்கு 'ஜய் பாங்ளா' என்று பெயராகிவிட்டது. எந்த ஊர்க்காரனும் கண் நோய்க்குத் தன் பெயரை வைத்துக்கொள்வதில்லை. நாம்தான் விதிவிலக்கு.

சரி, இப்போது வைத்தியம்.

பட்டியலில் முதலிடம் தாய்ப்பாலுக்கு. இது நம்ம ஊர்ச் சங்கதி மட்டும் என்று நினைத்திருந்தேன். எகிப்தில் கிடைத்த ஏபர்ஸ் பாப்பிரஸ், ஏறக்குறைய கி.மு. 1550ஐச் சேர்ந்த மருத்துவச் சுவடி, கண் மருந்துகளில் ஆண் குழந்தை பெற்றவளின் பாலைச் சேர்க்கச் சொல்கிறது. ரோமானியர்களும் கண்ணுக்குத் தாய்ப்பால் விட்டார்கள், பிளினி எழுதி வைத்திருக்கிறார். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்களா, அங்கங்கே தனித்தனியாகத் தோன்றியதா என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனக்கென்னவோ, கைக்கெட்டும் தூரத்தில் இதமான சூட்டில், எரிச்சல் தராத, சுத்தமான ஒரு திரவம் பழைய உலகத்தின் எந்த வீட்டிலும் அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. குளத்துத் தண்ணீரோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தாய்ப்பால் எவ்வளவோ மேல்.

நம்முடைய சித்த மருத்துவத்தில் கதை கொஞ்சம் வேறு. கண் நோய்கள் 96 என்பது சித்தர் கணக்கு (சுஸ்ருதர் கணக்கில் 76). கண்ணுக்குள் விடுகிற மருந்துக்குக் கலிக்கம் என்று பெயர். மருந்துச் சரக்குகளை அரைத்து மாத்திரையாக உருட்டி உலர்த்தி வைத்துக்கொள்வார்கள். தேவைப்படும்போது கல்லில் இழைத்துக் கண்ணில் தீட்டுவார்கள். எதில் இழைப்பது? பல முறைகளில் முலைப்பாலில். அதாவது பால் அங்கே மருந்து இல்லை, மருந்தைக் கரைக்கிற ஊடகம். வைத்தியரிடம் மாத்திரை இருந்தது, வீட்டில் பால் இருந்தது. வைத்தியர் போன பிறகு வீட்டில் மிஞ்சியது பால் மட்டும். இது என் ஊகம்தான், ஆனால் வேறு மருந்துகளிலும் இப்படி நடந்திருப்பதைப் பார்க்கிறோம். சூரணம் போய்விட்டது, அதைக் குழைக்கச் சொன்ன தேனே மருந்தாகிவிட்டது.

அந்த மாத்திரைகளுக்குள் என்ன இருந்தது என்று தேடினால் அடிக்கடி தட்டுப்படுகிற ஒரு சரக்கு மரமஞ்சள். இதன் கதையை எழுதாமல் இருக்க மனசு வரவில்லை, ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள்.

இமயமலைச் சரிவில் வளரும் ஒரு முட்செடியின் வேரைக் கொதிக்க வைத்து, சுண்டக் காய்ச்சி எடுத்த கட்டிக்கு ரசாஞ்சனம் என்று பெயர். வடக்கே தாருஹரித்ரா என்பது அந்தச் செடி. தெற்கே அது கிடைக்காது, அதனால் மேற்குத்தொடர்ச்சி மலையின் மரமஞ்சள் கொடியை அதன் இடத்தில் வைத்தார்கள். தாவரக் குடும்பமே வேறு, ஆனால் இரண்டிலும் இருக்கிற மஞ்சள் சத்து ஒன்றுதான், பெர்பெரின். எந்த லேபும் இல்லாமல் நிறத்தையும் கசப்பையும் வைத்தே சரியான மாற்றைப் பிடித்திருக்கிறார்கள். இந்த ரசாஞ்சனம் கிரேக்கர்களுக்கு 'லுகியோன்' என்ற பேரில் போனது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளஸ், சிந்து நதி முகத்துவாரத்துத் துறைமுகத்திலிருந்தும் பரூச்சிலிருந்தும் ஏற்றுமதியான பொருள்களில் அதையும் சொல்கிறது. தெற்கு இத்தாலி, சிசிலிப் பக்கம் தோண்டியபோது கட்டைவிரல் அளவுக்குச் சின்னச் சின்ன மண் ஜாடிகள் கிடைத்தன, மேலே 'லுகியோன்' என்று பொறித்திருக்கிறது. இன்றைய ஐ டிராப்ஸ் பாட்டில் சைஸ். அந்த இந்தியச் சரக்கு எந்தச் செடி என்பதை 1833இல் ஃபோர்ப்ஸ் ராயில் என்கிற கம்பெனி டாக்டர் அடையாளம் காட்டினார். 1980களின் தொடக்கத்தில் இந்திய டாக்டர்கள் பெர்பெரின் சொட்டு மருந்தைக் கண் இமைக்குள் புண்ணாக்கும் டிரக்கோமாவுக்கு முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். சுமாரான பலன் தெரிந்தது. அதற்குமேல் பெரிதாகப் போகவில்லை, அதற்குள் நல்ல ஆன்டிபயாடிக்குகள் வந்துவிட்டன.

ஆக, நாட்டு வைத்தியம் முழுக்க மூடநம்பிக்கை என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போக முடியாது. ஆஸ்பத்திரி ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று சுவர் எழுப்புவதும் வரலாற்றில் நிற்காது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை 1805, அதற்கு அடுத்து 1819லேயே சென்னையில் கண் ஆஸ்பத்திரி வந்துவிட்டது, அதுதான் பின்னால் எழும்பூர் ஆஸ்பத்திரி. ஏறக்குறைய அதே காலத்தில் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகால் என்ற பெயரில் மருத்துவச் சாலை வைத்து நடத்தினார். கண் நோயாளிகளுக்கு கேஸ் ஷீட் எழுதி, ஓவியர்களை வைத்து நோயாளியின் கண்ணைப் படமாக வரைந்து சேர்த்திருக்கிறார்கள். அங்கே இங்கிலீஷ் முறையும் நாட்டு முறையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. 1860இல் திருவிதாங்கூரில் வாரிங் என்ற டாக்டர், கடைவீதியில் கிடைக்கும் மருந்துகளை வைத்து என்னென்ன செய்யலாம் என்று ஒரு புத்தகம் போட்டார், படிகாரம் எல்லாம் அதில் உண்டு. பாட்டி கையில் இருந்த படிகாரத் தண்ணீரில் எவ்வளவு பாட்டியுடையது, எவ்வளவு வெள்ளைக்கார டிஸ்பென்சரியுடையது என்று யாராலும் பிரிக்க முடியாது.

இப்போது கேள்விக்கு வருவோம். இவ்வளவு ஊர்களில், இவ்வளவு காலம், இத்தனை விதமான பொருள்களைக் கண்ணில் விட்டு, "கேட்டுச்சு" என்று சொன்னவர்கள் எல்லாம் பொய்யா சொன்னார்கள்?

இல்லை. கேட்கத்தான் செய்தது. காரணம் எளிது. மெட்ராஸ் ஐ வந்தால் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் பெரும்பாலோருக்குத் தானாகவே போய்விடும். சாதாரண பாக்டீரியா தொற்றால் பீளை கட்டுகிற கண்ணும் பெரும்பாலும் அப்படித்தான். மூன்றாம் நாள் உச்சத்தில் இருக்கும்போது மருந்து விடுகிறோம், ஐந்தாம் நாள் குறைகிறது. என்ன விட்டிருந்தாலும் குறைந்திருக்கும். எங்கள் தொழிலில் இது தினசரி நடக்கும். சர்வர் தொங்கும், ஒருவன் ஒரு கான்ஃபிக் வரியை மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்வான், சரியாகிவிடும். அந்த வரியை அடுத்த பத்து வருஷத்துக்கு எவனும் தொட மாட்டான். சரி செய்தது வரியா, ரீஸ்டார்ட்டா என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. "அதைத் தொடாதீங்க சார், அதனாலதான் ஓடுது" என்பான்.

தாய்ப்பாலையும் லேபில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2013இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆப்தால்மாலஜியில் வந்த ஆய்வு ஒன்று, குழந்தைகளின் கண்ணைப் பாதிக்கும் பல பாக்டீரியாக்களோடு தாய்ப்பாலைச் சேர்த்துப் பார்த்தது. கொனோரியா கிருமி உள்ளிட்ட ஒன்றிரண்டை ஓரளவு தடுத்தது. வழக்கமான ஆன்டிபயாடிக் சொட்டு மருந்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. கொனோரியா என்பதைக் கவனியுங்கள். பிறந்த குழந்தைக்குப் பிரசவத்தின்போது தாயிடமிருந்து ஒட்டி, கண்ணையே கொண்டுபோகிற தொற்று அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பார்வையற்றோர் பள்ளிக் குழந்தைகளில் பெரிய பங்கு இதனால் வந்தவர்கள். பச்சைக் குழந்தையின் கண்ணில் தாய்ப்பால் பீய்ச்சும் வழக்கத்துக்கு அந்த ஒரு இடத்தில் கொஞ்சம் அர்த்தம் இருந்திருக்கலாம்.

கொஞ்சம் என்பதற்கும் மருந்து என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று லைப்சிக் நகரத்தில் தெரிந்தது. அங்கே கார்ல் கிரடே என்கிற பிரசவ டாக்டர் 1880 வாக்கில் பிறந்தவுடன் எல்லாக் குழந்தைகளுக்கும் 2 சதவீத சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு விட ஆரம்பித்தார். நூற்றுக்குப் பத்து என்ற கணக்கில் இருந்த நோய் ஒன்றுக்கும் கீழே போனது. தானாகச் சரியாகாத நோயில், எண்ணிக்கை எடுத்து, இப்படி விழ வேண்டும். வாட்ஸ்அப் பட்டியலில் உள்ள எதற்கும் இப்படி ஒரு கணக்கு கிடையாது.

இதுவரை சொன்னது கண்ணின் வெள்ளைப் பகுதி. அங்கே நம் வைத்தியம் பெரும்பாலும் வேடிக்கைதான், தப்பாகப் போனாலும் பெரிய நஷ்டம் இல்லை. கருப்புக்கு வரும்போது விஷயம் மாறிவிடுகிறது. கருவிழி என்பது கண்ணாடி. அதில் கீறல் விழுந்து, கிருமி இறங்கிப் புண்ணானால், ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். கிராமத்தில் "பூ விழுந்த கண்" என்று சொல்வார்களே, அதில் பல இந்தத் தழும்புகள். ஆரம்பத்தில் இரண்டு கண்ணும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். சிவப்பு, உறுத்தல், தண்ணீர்.

எங்கள் சின்னத் தாத்தாவுக்கு இடது கண் அப்படி. தேனிப் பக்கம் விவசாயம். சில வருஷங்களுக்கு முன் அவரிடம் உட்கார்ந்து கேட்டேன்.

"என்னாச்சு தாத்தா அப்ப?"

"களத்துல நெல்லு தூத்திக்கிட்டிருந்தேன்ப்பா. சொணை பட்டுருச்சு. உறுத்துச்சு. பக்கத்து வீட்டுல பிள்ளை பெத்திருந்தா, பால் வாங்கி விட்டா உங்க பாட்டி."

"ஆஸ்பத்திரிக்கு எப்பப் போனீங்க?"

"எட்டு நாளு, பத்து நாளு இருக்கும். ராத்திரி பூரா குத்தல். அதுக்கப்புறம்தான்."

"முதல்லயே ஏன் போகல தாத்தா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதுக்கு முன்னாடி அஞ்சாறு தடவ பட்டிருக்குப்பா. எல்லாத் தடவையும் அதத்தான விட்டோம். எல்லாத் தடவையும் கேட்டுச்சுல்ல?"

இதற்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. அவருடைய லாஜிக்கில் ஓட்டை எங்கே? ஆறு முறை சோதித்து ஆறு முறையும் பாஸ். எந்த டெஸ்டிங் டீமும் ஒப்புக்கொள்ளும். கருவிழியில் மேலாகப் படும் கீறல் பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே ஆறிவிடும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஏழாவது முறை பட்ட சுணையில் பூஞ்சை இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பூஞ்சை என்றால் ரொட்டியில் பூக்கிறதே அதன் உறவினர்கள். ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ். செடி, வைக்கோல், மண் எல்லாவற்றிலும் உண்டு. 1994இன் முதல் மூன்று மாதத்தில் மதுரை அரவிந்த் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பேருக்குக் கண்ணில் ஏதோ பட்டிருக்கிறது. கிருமி வளர்ந்தவர்களில் பாதி பாக்டீரியா, பாதி பூஞ்சை. இங்கிலாந்துப் பாடப்புத்தகத்தில் பூஞ்சை என்பது ஓர் அடிக்குறிப்பு மாதிரி. நம்ம ஊரில் பாதி! ஆன்டிபயாடிக் சொட்டு பூஞ்சையை ஒன்றும் செய்யாது. தாய்ப்பாலும் இலைச்சாறும் இன்னும் ஒரு படி கீழே, அவை அந்த ஈரப் புண்ணுக்குச் சாப்பாடும் புதுக் கிருமியும் கொண்டுபோகும். மார்பிலிருந்து நேராக விழுவது வேறு, பக்கத்து வீட்டிலிருந்து டம்ளரில் வாங்கி, மூடி வைத்து, மாலையில் துணி நனைத்துப் பிழிவது வேறு.

அதே மதுரையில் கருவிழிப் புண் நோயாளிகளிடம் நடத்திய இன்னொரு கணக்கெடுப்பு 1999இல் வெளியானது. ஏறக்குறைய பாதிப்பேர் ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே ஏதோ ஒரு நாட்டு மருந்தைக் கண்ணில் விட்டிருந்தார்கள். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு "பாத்தீங்களா, நாட்டு மருந்தால் கண் போச்சு" என்று எழுதுவது சுலபம். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் குணமாகாதவர்கள்தான் வருவார்கள். அதே மருந்தை விட்டு, அல்லது ஒன்றும் விடாமல், சரியாகிப் போனவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. வீட்டுக்குத் தெரிந்தது பிழைத்த கண்கள், ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தது பிழைக்காத கண்கள். இரண்டு பேரும் பாதி லாகை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு ஆய்வைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். நேபாளத்தில் பக்தபூர் வட்டாரம், 1990களின் தொடக்கம். கிராமத்திலேயே ஆரம்பச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கண்ணில் ஏதாவது பட்டால் உடனே அவர்களிடம் வரச் சொன்னார்கள். கருவிழியில் கீறல் இருந்தால் மூன்று நாள் குளோராம்ஃபெனிகால் களிம்பு. இரண்டு வருஷத்தில் 442 கீறல்கள், 424 பேருக்குத் தொற்றே இல்லாமல் ஆறிவிட்டது, 96 சதவீதம். 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. சின்னத் தாத்தாவுக்கு இப்படி ஒருவர் ஊரில் இருந்திருந்தால் என்று நினைத்தேன்.

பிறகு இரண்டு நாள் கழித்துத் திரும்பப் படித்தபோதுதான் உறைத்தது. களிம்பு போடாதவர்கள் எத்தனை பேருக்கு ஆறியது? ஒப்பிட ஆளே இல்லை. தாத்தா ஆறு முறை தாய்ப்பால் விட்டு ஆறு முறையும் சரியானதுக்கும் இதுக்கும் வடிவத்தில் என்ன வித்தியாசம்?

நல்லவேளை, இந்தக் கேள்வி ஆராய்ச்சியாளர்களுக்கும் வந்திருக்கிறது. முதலில் மதுரை வட்டாரக் கிராமங்களில் ஒரு சோதனை, 2006இல் வெளிவந்தது. கீறல் பட்டவர்களில் ஒரு குழுவுக்கு ஆன்டிபயாடிக்கோடு பூஞ்சை மருந்து, இன்னொரு குழுவுக்கு ஆன்டிபயாடிக்கோடு வெறும் களிம்பு. இரண்டு குழுவிலும் ஏறக்குறைய எல்லாருக்குமே ஆறிவிட்டது. பூஞ்சை மருந்து கூடுதலாக எதையும் செய்ததாகத் தெரியவில்லை. பிறகு நேபாளத்திலேயே பெரிய அளவில், 24 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கலில் பிரித்து, பாதி ஊர்களில் மட்டும் பயிற்சி பெற்ற பெண் தன்னார்வலர்களையும் மருந்தையும் வைத்து மூன்று வருஷம் பார்த்தார்கள். முடிவு 2022இல் வெளியானது. கருவிழிப் புண் வந்தவர்களின் விகிதம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

இந்த முடிவை வைத்து "அப்போ தாய்ப்பாலே போதும்" என்று யாராவது ஃபார்வர்டு போட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அந்தச் சோதனை சொல்வது அதுவல்ல. தன்னார்வலரை வைத்தும் ஊர் முழுக்கப் புண்ணின் எண்ணிக்கை குறையவில்லை என்கிறது. கீறல் பட்டவர்கள் எல்லாரும் அவர்களிடம் போயிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. புண் ஆகிவிட்ட கண்ணுக்கு மருந்து வேலை செய்கிறதா என்பது தனிக் கேள்வி, அதற்குத் தெளிவான விடை இருக்கிறது. 2013இல் வெளிவந்த சோதனை ஒன்றில், பெரும்பாலும் அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்தது, 323 பூஞ்சைப் புண் நோயாளிகளுக்கு நாடாமைசின் என்ற பழைய சொட்டு மருந்தையும் வோரிகோனசோல் என்ற புதிய மருந்தையும் பிரித்துக் கொடுத்தார்கள். பழையது ஜெயித்தது. முக்கியமாக ஃபுசேரியத்தில். நம் ஊர்க் களத்துமேட்டுக் கிருமிக்கு நம் ஊரிலேயே விடை கண்டிருக்கிறார்கள், பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் அந்தச் சொட்டு வேலை செய்ய வேண்டுமானால் புண் ஆழமாகப் போகும் முன் போய்ச் சேர வேண்டும். மெட்ராஸ் ஐக்குப் பொறுமை போதும். கண்ணில் எதுவும் படாமல், இரண்டு கண்ணும் அடுத்தடுத்துச் சிவந்து, காலையில் இமை ஒட்டிக்கொண்டு, பார்வை தெளிவாக இருந்தால் பெரும்பாலும் அதுதான். ஒரே கண்ணில் குத்தல், வெளிச்சம் பார்க்க முடியவில்லை, பார்வை மங்குகிறது, கருப்பில் வெள்ளையாகப் புள்ளி தெரிகிறது, நெல்லோ சோகையோ பட்டிருக்கிறது, கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர், பிறந்த குழந்தை, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே கண் டாக்டர். நந்தியாவட்டையை மூடிய இமைமேல் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாலும் பரவாயில்லை, குளுமையாக இருக்கும்.

பரவுவது பற்றியும் ஒரு வார்த்தை. பார்த்தாலே ஒட்டிக்கும் என்று கருப்புக் கண்ணாடி போடுகிறோம். பார்வையால் பரவாது, கையால் பரவும். துண்டு, தலையணை உறை, கதவுப் பிடி. அடினோ வைரஸ் காய்ந்த பரப்பில் சில வாரம் வரை உயிரோடு இருக்கும். 1941-42இல் இரண்டாம் உலகப்போர் சமயம், ஹவாயிலும் அமெரிக்க மேற்குக் கரையிலும் கப்பல் கட்டும் தொழிலாளர்களிடம் இது பரவியபோது அங்கே இதற்கு 'ஷிப்யார்ட் ஐ' என்று பெயர். எங்கிருந்து பரவியது தெரியுமா? கண்ணில் விழுந்த இரும்புத் துகளை எடுக்கத் தொழிலாளர்கள் போன டிஸ்பென்சரியிலிருந்து. வைத்தியம் பார்த்தவர்களின் கையும் கருவியும்தான் ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்குக் கொண்டுபோனது. ஊர் முழுக்க ஒரே டம்ளர் பாலைப் பங்கு போடும்போதும் இதேதான் நடக்கும்.

கடைசியாக, இன்றைய வீட்டு வைத்தியம் தாய்ப்பால் இல்லை என்று நினைக்கிறேன். டவுனில் யார் வீட்டிலும் யாரும் பால் கேட்டுப் போவதில்லை. மெடிக்கல் ஷாப்பில் போய் "கண்ணு சிவந்திருக்குண்ணே, ஒரு டிராப்ஸ் குடுங்க" என்பதுதான் நம் தலைமுறையின் கை வைத்தியம். கடைக்காரர் தருவதில் பல சமயம் ஆன்டிபயாடிக்கோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு விட்டால் சிவப்பு ஒரே நாளில் வடியும், அவ்வளவு சுகம். பூஞ்சைப் புண்ணாக இருந்தால் அந்தச் சிவப்பு வடிகிற நேரத்தில் பூஞ்சை உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும், ஹெர்ப்பிஸ் வைரஸ் புண்ணுக்கும் இதே கதி. தாய்ப்பாலாவது ஒன்றும் செய்யாமல் இருந்துவிடும். இது வேலை செய்வதுபோல் காட்டிக்கொண்டே கெடுக்கும். நாட்டு மருந்தைத் திட்டி எழுதுகிற யாரும் இந்தப் பாட்டிலைப் பற்றி எழுதிப் பார்த்ததில்லை.

இந்தக் கட்டுரைக்காகச் சொந்தக்காரர்கள் நான்கு பேர் வீட்டில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பார்த்தேன். மொத்தம் ஏழு கண் சொட்டு மருந்துகள். ஏழும் திறந்தவை, திறந்தால் ஒரு மாதத்துக்குள் தூக்கிப் போட வேண்டும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. இரண்டில் எக்ஸ்பைரி தேதி தாண்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நான்கில் பொடி எழுத்தில் டெக்ஸாமெத்தசோன் என்று இருந்தது, அது ஸ்டீராய்டு. எதற்கு வாங்கியது என்று கேட்டேன். மூன்று வீட்டில் ஒரே பதில்: "ஞாபகம் இல்ல. ஆனா நல்லாக் கேட்டுச்சு, அதான் வச்சிருக்கோம்."